தம்பியைக் கீழே போட்டவன்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவன் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் சொல்லப்போவதன் கனம் தெரியும். மட்டாஞ்சேரி பஜாரில் எங்கள் அப்பா மூட்டை சுமந்த அதே கிட்டங்கிக்கு எதிரில் சொந்தமாகச் சாக்குக் கடை வைத்தேன். மூட்டைக்காரன் மகனுக்கு எவன் இடம் கொடுப்பான் என்றார்கள், கொடுத்தார்கள். இடக்கொச்சியில் சாக்குத் தைக்கும் பட்டறை போட்டேன். முதல் மழைக்கே காயல் தண்ணீர் ஏறி உள்ளே வரும் என்றார்கள். இன்றைக்கும் அங்கே மிஷின் ஓடுகிறது. வீடு கட்ட நான் வாங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, இதில் தவளைதான் குடியிருக்கும் என்று கொத்தனார் சொன்னார். அதே இடத்தில் மாடிமேல் மாடி எழுப்பினேன். மகனை எஞ்சினியர் ஆக்கினேன். நம் தமிழ்ச் சங்கக் கட்டடத்துக்குக் கூரை போட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும்; தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்தில் நிமிர்ந்து பாருங்கள். கடைசியாக, என் பேத்தியின் தலை.

சிரிக்காதீர்கள். அறுத்து விரித்து மறுபடி பொருத்தியது டாக்டர்தான். அவர் கையை நான் எங்கே பார்த்தாலும் கும்பிடுவேன். ஆனால் அறுத்தது ஒரு காலைப்பொழுது. அதன்பிறகு அந்தத் தலை வளர்ந்தது ஆண்டுக்கணக்கில். அந்த ஆண்டுகளுக்குக் காவல் நின்றவன் யார்? போன மாதம் என் வீட்டிலேயே நடந்த விருந்தில் அதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். என்னை மறுபடியும் அந்தப் பழைய பெயரால் குறிப்பிட்டார்கள். என்ன பெயர் என்று என்னோடு பஜார் சந்துகளில் மூக்கொழுகித் திரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லிக் கூப்பிட்டதில் நீங்களும் சேர்த்திதான்.

தம்பியைக் கீழே போட்டவன்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன். அந்த வருட மழையை நினைத்துப் பாருங்கள். கிட்டங்கிக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஒற்றை அறைகளில் கடைசி அறை எங்களுடையது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சுக்கு, இன்னொரு சுவருக்கு அந்தப் பக்கம் மிளகு. மழை பிடித்துக்கொண்டால் இரண்டு வாசனையும் ஈரச் சாக்கு வாசனையோடு கலந்து அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இஞ்சியைப் புரட்டி எடுத்த சுண்ணாம்புத் தூசி எங்கள் சோற்றிலும் இருந்தது, பாயிலும் இருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப் போடுவாள். வளைந்த ஊசி சணல் நூலை இழுத்துக்கொண்டு சரக் சரக்கென்று போகும். நிமிர மாட்டாள். நிமிராமலே, "எல, புள்ளையத் தூக்கு" என்பாள்.

புள்ளை என்றால் என் தம்பி. பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது இருக்கலாம். அவன் என் இடுப்பில்தான் வளர்ந்தான். அம்மாவின் கைக்கு ஊசி எப்படியோ அப்படி என் இடுப்புக்கு அவன்.

நம் தெருவில் பிள்ளை பிறந்தால் தலையைப் பிடித்து உருட்டுவார்கள். உங்கள் தலைகளும் அப்படி உருட்டப்பட்டவைதான். அதற்கென்றே ஒரு குளிப்பாட்டுகிறவள் வருவாள். காலை நீட்டிப் பிள்ளையை அதில் கிடத்தி, எண்ணெயை ஊற்றி, இரண்டு உள்ளங்கையாலும் நெற்றியையும் பின்மண்டையையும் சேர்த்து அமுக்குவாள். பிள்ளை வீறிடும். மற்ற பிள்ளைகளின் தலை சொன்னபடி கேட்டது. என் தம்பியின் தலை கேட்கவில்லை. நெற்றி முன்னால் துருத்தியது, பின்மண்டை பின்னால் தள்ளியது, படகுபோல் இரண்டு பக்கமும் ஒடுங்கிக் கிடந்தது.

"என்ன தாயி, இவன் தலை வள்ளம் மாதிரியில்ல போவுது!" என்றாள் குளிப்பாட்டுகிறவள்.

"நீ நல்லா எண்ணெய் வச்சுப் புடிச்சு விடு."

"புடிக்கிறேன், நிக்க மாட்டேங்குதே. இவனத் தூக்கிச் சுமக்கிறது யாரு?"

"பெரியவன்தான்."

"அதான பாத்தேன். ஒரே பக்கமா இடுக்கி இடுக்கித் தலையக் கெடுத்துட்டான்."

அன்றைக்கு ஆரம்பித்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதிலிருந்து வலப்பக்கம் கொஞ்ச நேரம், இடப்பக்கம் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றித் தூக்கினேன். தலை மாறவில்லை.

அடுத்து வந்தது கடுகுத் தலையணை. கிட்டங்கியில் கூட்டி ஒதுக்கிய கடுகை அப்பா மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா பழைய வேட்டித் துணியில் பை தைத்து அதை நிரப்பினாள். பிள்ளை படுத்தால் கடுகு தலைக்கு ஏற்ப நகர்ந்து கொடுத்துத் தலையை வட்டமாக்குமாம். தொட்டால் குறுகுறுவென்று ஓடும். காதை வைத்தால் மெல்லச் சலசலக்கும். தம்பி தூங்கும்போது தலை நடுவிலேயே நிற்கிறதா என்று பார்த்துத் திருப்பி வைப்பது என் வேலை. அப்படித் திருப்பும்போதுதான் அவன் உச்சியில் என் கட்டைவிரலுக்கு அது தட்டுப்பட்டது. முன்னிருந்து பின்னால் போகும் ஒரு மேடு. சாக்கின் தைத்த ஓரத்தைத் துணிக்கு மேலிருந்து தடவினால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்த மேட்டை என் விரல் மறக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மழை நிற்கவில்லை. ஓட்டிலிருந்து ஒழுகியது, தரையிலிருந்து ஊறியது. ஒரு நாள் காலையில் தம்பியைத் தூக்கினால் தலையணை பச்சையாக இருக்கிறது. கடுகு முளைத்துவிட்டது! வேட்டித் துணியின் இழைகளுக்கு நடுவே வெள்ளைத் தண்டும் பச்சை இலையுமாய்ப் பொடிப்பொடியாக எட்டிப் பார்த்தது. அதன் காரநெடி இன்றும் என் மூக்கில் இருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கத்தி எல்லோரையும் கூப்பிட்டேன். அப்பா வந்தார், பார்த்தார், என் காதைப் பிடித்துத் திருகினார். நனையவிட்டேனாம். மழைக்கும் நானே பொறுப்பு. அந்தத் தலையணையைக் கிட்டங்கி ஓரத்துத் தண்ணீரில் வீசினார்கள். பச்சைத் தலையணை வள்ளங்களுக்கு நடுவே மிதந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நாள் வந்தது. கிட்டங்கியின் படித்துறையில் சரக்கு வள்ளம் வந்து நின்றது. தம்பிக்கு வள்ளம் பார்ப்பதென்றால் உயிர். தூக்கிக்கொண்டு போனேன். படியில் பாசி. கால் வழுக்கியது. விழுந்தேன். விழுகிறபோதே அவனை நெஞ்சோடு இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டேன், அதனால் ஊன்றிக்கொள்ள எனக்குக் கை இல்லை. இடது முழங்கை கல்லில் அடித்துப் பிளந்தது. தம்பி என் நெஞ்சின் மேல் கிடந்து சிரித்தான். அவன் மேல் ஒரு சொட்டுச் சேறு படவில்லை. என் முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. வேண்டுமானால் வந்து பிடித்துப் பாருங்கள்.

ஆனால் வள்ளத்திலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் நான் விழுந்ததை மட்டும் பார்த்தான். "அய்யோ, சாக்குக்காரி மவன் புள்ளையப் போட்டுட்டான்!" என்று குரல் கொடுத்தான். நான் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதற்குள் அந்தக் குரல் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அம்மா ஊசியை வீசிவிட்டு ஓடிவந்தாள். "எங்கல போட்ட?"

"போடலம்மா. நான்தான் விழுந்தேன். கையப் பாரு."

"கை கெடக்கட்டும். தலையப் பாரு, எப்படி நீண்டுபோச்சு!"

"அது முன்னயே அப்படித்தானம்மா இருந்துச்சு?"

அறை விழுந்தது. உண்மையைச் சொன்னதற்கு வாங்கிய முதல் அறை. அதைவிட எனக்கு வயிறு எரிந்தது எதற்குத் தெரியுமா? தலை வள்ளம்போல் போகிறது என்று முதலில் சொன்னவளே அந்தக் குளிப்பாட்டுகிறவள்தான். அவள் இப்போது வாசலில் நின்று, "நான் உருட்டி உருட்டி நேராக்கி வச்சிருந்தேன், பாவி போட்டுக் கெடுத்துட்டானே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே தலையாட்டியது. நேராக்கி வைத்திருந்தாளாம்! ஒருத்திக்காவது, ஒருத்தனுக்காவது, போன வாரம் அந்தத் தலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்பா ரொம்பப் பேசுகிறவர் இல்லை. "ஒரு புள்ளையப் புடிக்கத் தெரியாதவன் சிலேட்டப் புடிச்சு என்ன கிழிக்கப்போறான்" என்றார். அவ்வளவுதான். என்னைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனார். வீட்டில் இருந்த வறுமைக்கு எப்படியும் பள்ளிக்கூடம் நின்றிருக்கும் என்று உங்களில் சிலர் சொல்லலாம். நின்றிருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணம் அது இல்லை.

தம்பியைப் படிக்க வைத்தார்கள். பாவம், தலையில் அடிபட்ட பிள்ளை, மூட்டை சுமக்க முடியாது, அவனாவது படிக்கட்டும் என்றார்கள். அந்தத் தலையை வைத்துக்கொண்டு அவன் கணக்கில் முதலாக வந்தான், அரசாங்க வேலைக்குப் போனான், ஓய்வு பெற்று இப்போது தேவராவில் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். அவன் பள்ளிக்கூடத்துச் செலவு என் முதுகில் ஏறிய சாக்குகளிலிருந்து போனது. அதைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் நம் சங்கக் கூட்டங்களில் மைக் கிடைத்தால் அவன் என்ன சொல்வான்? "எங்கண்ணன் கீழ போட்ட தலைங்க இது. போடாம இருந்திருந்தா கலெக்டராகவே ஆயிருப்பேன்!" நீங்கள் கை தட்டுவீர்கள். நான் போட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கை தட்டுவீர்கள்.

அம்மா சாகும் மட்டும் அப்படியே நம்பிப் போனாள். கடைசி நாட்களில் என் கையால்தான் கஞ்சி குடித்தாள். "நீ வேணும்னு போடலல்ல?" என்று ஒரு நாள் கேட்டாள். மன்னிக்கிறாளாம்! செய்யாததற்கு மன்னிப்பு வாங்கிப் பாருங்கள், அப்போது தெரியும் அது தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று.

இனி பேத்திக்கு வருகிறேன்.

மகனுக்குப் பெண் பிறந்து, மருமகளைப் பாலக்காட்டிலிருந்து பிள்ளையோடு கூட்டிவந்தோம். நான் பிள்ளையை வாங்கி உச்சியில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை. அந்த மேடு. சாக்கின் ஓரம். இத்தனை காலத்துக்குப் பிறகும் என் கட்டைவிரல் அதை அடையாளம் கண்டுகொண்டது.

"தலை சரியில்ல. டாக்டர்ட்ட காட்டணும்" என்றேன்.

"பொறந்த புள்ளைக்கு அப்படித்தாம்ப்பா இருக்கும். தானே சரியாயிடும்" என்றான் மகன்.

"அதொண்ணும் சாரமில்லை சம்பந்தி" என்று கூட வந்த சம்பந்தியம்மாள், பெரிய விஷயமே இல்லை என்பதுபோலக் கையை வீசினார். "நாலு நாள் எண்ணெய் தேச்சுப் புடிச்சா உருண்டையாயிடும். நான் தலையிணையும் கொண்டுவந்திருக்கேன்."

பையைத் திறந்து எடுத்தார். பூப்போட்ட உறை, ஜிப்பு எல்லாம் வைத்துக் கடையில் வாங்கியது. நான் தொட்டேன். குறுகுறுவென்று ஓடியது. கடுகு!

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்களையில் வைத்தேன். தாளிக்க ஆகும், தலைக்கு ஆகாது என்றேன். சம்பந்தியம்மாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாதது நல்லதாயிற்று. தடுப்பூசிக்குப் போனபோது நான் கூடவே போய், டாக்டரம்மாவிடம் உச்சியைத் தொட்டுப் பாருங்கள் என்று நானே சொன்னேன். அவர் தொட்டார், சிரிப்பை நிறுத்தினார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. பிள்ளையின் மண்டை ஒரே எலும்பு இல்லையாம், பல துண்டுகள். துண்டுகளுக்கு நடுவே இணைப்புகள் திறந்திருந்தால்தான் உள்ளே மூளை வளர வளர எலும்பு விலகிக் கொடுக்கும். உச்சியில் முன்பின்னாக ஓடும் இணைப்பு தாயின் வயிற்றுக்குள்ளேயே மூடிக்கொண்டால் தலை அகலத்துக்குப் போக முடியாது, நீளத்துக்குத்தான் தள்ளும். ஆபரேஷன் செய்யும் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. சாக்கை அகலம் குறைத்துத் தைத்துவிட்டு மிளகைக் கொட்டினால் அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதைக் கேட்டபோது என் முழங்கை தானாகவே வலித்தது. வயிற்றுக்குள்ளேயே மூடிக்கொண்டது! அப்படியானால் என் தம்பிக்கு? அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் காரியம் முதலில்.

ஒரு வயது ஆகும் முன்பே ஆபரேஷன் நடந்தது. காதிலிருந்து காதுக்கு வளைந்து வளைந்து போகும் தையல். முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தாள். மகன் வெளியே போய் அழுதான். நான் அழவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவள் உள்ளங்கையில் என் விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

இனி இதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "நான் வழி திறந்து விட்டிருக்கேன். இனி வளர வேண்டியது தலைதான். முதல் ரெண்டு வருஷம் வேகமா வளரும், அப்புறம் மெல்ல. சிலருக்கு எலும்பு மறுபடி நேரத்தே, காலத்துக்கு முன்னாடியே, ஒட்டும். அதனால வளர்ந்து முடியற வரைக்கும் பாத்துட்டே இருக்கணும். தலைவலி, வாந்தி, கண் பார்வை, எது வந்தாலும் உடனே வரணும். தலையை அமுக்க வேண்டாம், உருட்ட வேண்டாம்" என்றார். கடைசி வாக்கியத்தை நான் வீட்டுச் சட்டமாக்கினேன்.

பார்க்க வந்தவர்களின் கையெல்லாம் பிள்ளையின் தலைக்குத்தான் போனது. ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள், ஒருவர் தாயத்தோடு வந்தார். நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "காலைத் தொட்டுக் கொஞ்சிட்டுப் போங்க, தலை பக்கம் கை போகக் கூடாது" என்றேன். திமிர் பிடித்தவன் என்றார்கள். சொல்லட்டும். கடையை மூட வேண்டிவந்த நாட்களிலும் அந்த நாற்காலியைக் காலி செய்யவில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்கு என் கையாலேயே பருத்தித் தொப்பி ஒன்று தைத்தேன். சாக்குத் தைத்த கைக்குத் தொப்பி பெரிய வித்தையா? பழைய தொப்பிகளைத் தூக்கிப் போடவில்லை. வரிசையாக வைத்தால் தலை வளர்ந்த வழி கண்ணுக்குத் தெரியும்: முதலில் தாவித் தாவி, பிறகு நிதானமாக. ஆஸ்பத்திரியில் டேப் வைத்து அளந்து, கோடு போட்ட படத்தில் புள்ளி வைப்பார்கள். அதுதான் கணக்கு, என் தொப்பி கணக்கில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் புள்ளி கோட்டை விட்டு இறங்காமல் இருக்கிறதா என்று டாக்டரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவன் நான். கண்ணில் மருந்து ஊற்றி நரம்பைச் சோதிக்கும் நாளில் அவள் ஊரைக் கூட்டுவாள். "தாத்தா, மதி! மதி!" என்பாள். போதும் போதும் என்று எனக்கும்தான் இருக்கும். முடிந்ததும் இடப்பள்ளி மாலில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சொல்லித்தான் அவளை உட்கார வைப்பேன்.

அவளுக்கு ஐந்து வயது முடிந்த சமயம். உச்சியில் ஒரு பக்கம் சின்ன மேடு தட்டுப்பட்டது. பக்கவாட்டில் தலை முன்பைவிடக் கொஞ்சம் ஒடுங்கினாற்போலவும் இருந்தது. வீட்டில் ஒரே கலவரம். சம்பந்தியம்மாள் பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கினார். இறங்கியதும் என்ன சொன்னார் தெரியுமா?

"உற்சவக் கூட்டத்துல தாத்தா தோள்ல ஏத்தி வச்சுக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோனாரே, அப்பவே நினைச்சேன்."

எழுபது வயதில், அதே குற்றம், இரண்டாவது தலை! என் தம்பி அன்றைக்கு வீட்டில் இருந்தான். அவன் மெல்லச் சிரித்து, "எங்கண்ணனுக்கும் தலைக்கும் ராசியே கிடையாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"கிளம்பு" என்றேன் தம்பியிடம். "நீயும் வா ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் வாயாலேயே கேக்கலாம்."

போனோம். டாக்டர் பேத்தியின் தலையை நிதானமாகத் தடவினார், அளந்தார், மேலிருந்து படம் எடுத்தார், கண் டாக்டரிடம் அனுப்பினார். அந்த ஒரு மணி நேரம் நான் உட்காரவில்லை. மறுபடி அறுக்க வேண்டும் என்றால்? பேத்தி பெஞ்சில் காலாட்டிக்கொண்டு, "ஐஸ்கிரீம் உண்டா இல்லையா, இப்பவே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கூப்பிட்டார். "பேடிக்க வேண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல. கண் நரம்பு நல்லாருக்கு, உள்ள அழுத்தம் இருக்கற அடையாளம் ஒண்ணும் இல்ல. ஆபரேஷனுக்குப் பின்ன கிடைச்ச ஷேப்பிலே கொஞ்சம் திரும்பிப் போகும், அது பதிவுதான், வழக்கமா நடக்கறது. இந்த மேடு எலும்பு கூடின இடம். தலை தன்னோட கோட்டிலேயே வளருது."

"நான் தோள்ல தூக்கினதால வந்ததா டாக்டர்?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"தோள்ல தூக்கினா எலும்பு ஒட்டுமா?" என்று அவர் சிரித்தார். அப்புறம் அவர் பார்வை என் தம்பியின் மேல் நின்றது. "இது யாரு?"

"என் தம்பி."

"சாரே, தலையை ஒண்ணு தொட்டுப் பாக்கட்டே?"

தம்பி தலையைக் கொடுத்தான். கூடவே பழக்க தோஷத்தில் வாயையும் திறந்தான். "சின்ன வயசுல அண்ணன் கீழ போட்டுட்டாரு டாக்டர். அதுலேருந்து இப்படி."

டாக்டரின் விரல் உச்சியில் முன்னிருந்து பின்னாகப் போனது. "போட்டா வீங்கும், சிலப்போ பொட்டும், உடையும். இப்படி நீளாது. இது நீங்க பிறக்கும்போதே அடைஞ்சது. இந்தக் கொச்சு மோளுக்கு இருந்ததேதான். ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு வர்றது அபூர்வம், ஆனா உண்டு. அந்தக் காலத்துல இங்க யாருக்குத் தெரியும்? யாரோட குற்றமும் இல்ல."

யாரோட குற்றமும் இல்ல! இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை காலம்! பேத்தி எழுந்து போய்ச் சின்னத் தாத்தாவின் தலையைத் தொட்டாள். "அப்போ எனக்கும் உங்களுக்கும் சேம் தலையா?" என்றாள். நான் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வான், இதோ சொல்லப்போகிறான் என்று.

"ஓ, அப்படியா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, கீழ கேன்டீன்ல சாயா நல்லாருக்குமாம்" என்றான்.

வராந்தாவில் அவனை நிறுத்தினேன். "எல, டாக்டர் என்ன சொன்னாரு?"

"எதைப் பத்தி?"

"உன் தலையைப் பத்தி."

"அது பழைய கதைண்ணே, விடுங்க. அம்மாவே இல்ல இப்போ."

"அம்மா இல்லைன்னா? நான் இருக்கேன்ல!"

அவன் சாயாவுக்கு நடந்துவிட்டான்.

அதற்குப் பிறகும் பொறுத்தேன். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் டாக்டர், இனி அடிக்கடி வர வேண்டாம், இடைவெளி விட்டு வந்தால் மதி என்றார். தலையின் பெரிய வளர்ச்சியெல்லாம் முடிந்தது, மிச்சம் கொஞ்சம்தான். அதற்குத்தான் வீட்டில் விருந்து. மகன் எழுந்து நின்று நன்றி சொன்னான். டாக்டருக்குச் சொன்னான், சரி. கடவுளுக்குச் சொன்னான், சரி. சம்பந்தியம்மாளின் நேர்த்திக்கடனுக்குச் சொன்னான். போகட்டும். பிறகு, "எங்க சித்தப்பாவோட தலையைப் பாத்ததாலதான் நாங்க உஷாரானோம்" என்று என் தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினான். உஷாரானார்களாம்! தானே சரியாகிவிடும் என்றவன் யார்? மேட்டைத் தொட்டுச் சொன்னவன் யார்? என் பக்கம் திரும்பி மகன் சொன்னது ஒன்றே ஒன்று: "அப்பா, பாயசம் பத்துமான்னு ஒரு வாட்டி பாத்துருங்க."

என் தம்பி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு பேசினான். "எங்கண்ணன் என்னைக் கீழ போட்டாரு, எனக்கு இந்தத் தலை வந்துச்சு. அதனால இந்தப் புள்ள தலை தப்பிச்சுது. அப்போ அண்ணன் போட்டதும் நல்லதுக்குத்தான்!"

டாக்டர் சொன்ன பிறகும்! காதால் கேட்ட பிறகும்! உங்களில் பலர் அன்று இலை முன்னால் இருந்தீர்கள். சிரித்தீர்கள். நான் பாயசக் கரண்டியோடு நின்றேன். பேத்தி மட்டும் என் அருகில் வந்து என் முழங்கையின் தழும்பில் விரலை வைத்து, "தாத்தா, நீங்க போட்டீங்களா?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். "இல்ல மோளே. நான் விழுந்தேன், அவன் விழல" என்றேன். "அப்போ அதை அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அதனால் சொல்கிறேன். சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள், இதுதான் நான் எழுதிக் கொடுப்பது. எனக்குப் பொன்னாடை வேண்டாம். என் பட்டறையில் சாக்கு நிறைய இருக்கிறது. எனக்கு வேண்டியவை இரண்டு. என் பேத்தியின் தலையைப் பற்றி இனி எங்கே யார் பேசினாலும், முதலில் தொட்டுச் சொன்னதும், அதன்பின் அத்தனை ஆண்டும் காவல் இருந்ததும் அவள் தாத்தா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் மைக் கிடைத்ததும் என் தம்பி எழுந்து, வழக்கமான நகைச்சுவையை விட்டுவிட்டு, டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டும். நீளமாக வேண்டாம். தமிழில் சொன்னாலும் சரி, மலையாளத்தில் சொன்னாலும் சரி.

"எங்கண்ணன் என்னைக் கீழே போடவில்லை."

அவ்வளவுதான். அன்றைக்கு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீளாத இந்தக் கையையும் கொண்டுதான் வருவேன். அவன் சொல்லி முடித்ததும், இத்தனை காலம் அந்த நகைச்சுவைக்குக் கை தட்டிய நீங்கள் எல்லோரும் இதற்கும் தட்டுங்கள்.